வெயில் மாதங்களிலும் பேசும் குழு: ஜெலுத்தோங்கிலிருந்து சில யோசனைகள்

2017 நவம்பர் 4, சனிக்கிழமை. அன்று பிடித்த மழை இரவு முழுவதும் விடவில்லை, கூடவே பேய்க்காற்று. பினாங்கில் ஏழு பேரின் உயிரைக் கொண்டுபோன வெள்ளம் அது. பினாங்கின் ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டு வரிசையில் தண்ணீர் இடுப்பளவு நின்றது. யார் வீட்டில் யார் மாட்டிக்கொண்டார்கள் என்று தெரியாமல் விடிய விடிய ஆளாளுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தோம். அடுத்த வாரமே வெள்ளத்துக்குத் தயாராக ஒரு புலனக் (வாட்ஸ்அப்) குழு தொடங்கினோம். பத்து நாளில் 140 பேர் சேர்ந்தார்கள்.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அதில் காலை வணக்கப் பூக்களும் மசாலாத் தூள் விளம்பரமும்தான் இருந்தன. 38 பேர் வெளியேறியிருந்தார்கள். மீதிப் பேர் ஒலியை அடக்கிவைத்திருந்தார்கள், அது அதைவிட மோசம். மறுபடி தண்ணீர் ஏறும் இரவில் நாம் அனுப்பும் செய்தி யார் காதிலும் விழாது.

அந்தக் குழு இன்றும் ஓடுகிறது, நன்றாகவே ஓடுகிறது. எப்படி என்று பட்டர்வொர்த்திலிருந்தும் ஆயர் ஈத்தாமிலிருந்தும் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

எச்சரிக்கையை நிறுத்துங்கள், கேள்வி கேளுங்கள்

ஆரம்பத்தில் நான் நாளுக்கு மூன்று எச்சரிக்கை அனுப்புவேன். வானிலைத் துறை மஞ்சள் எச்சரிக்கை விட்டால் அதை அனுப்புவேன். தயார்ப் பையில் என்னென்ன இருக்க வேண்டும் என்ற பட்டியலை அனுப்புவேன். யாரும் பதில் போடமாட்டார்கள். ஏன் போடவேண்டும்? நான் ஒன்றும் கேட்கவில்லையே.

நான் வயரிங் வேலை செய்பவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வேலை சம்பந்தமாகத் தோன்றிய ஒன்றைக் குழுவில் போட்டேன்: "உங்கள் வீட்டு மெயின் சுவிட்ச் பெட்டி எங்கே இருக்கிறது? ஒரு படம் எடுத்துப் போடுங்கள்." இருட்டுவதற்குள் 41 படங்கள் வந்துவிட்டன. ஒரு வீட்டில் பெட்டிக்கு முன்னால் அரிசி மூட்டை. இன்னொரு வீட்டில் துணி அலமாரிக்குப் பின்னால் பெட்டி இருந்தது, அலமாரியை நகர்த்த இரண்டு ஆள் வேண்டும். கீழ்மாடியில் தனியாக இருக்கும் ஓர் அக்கா தன் வீட்டில் பெட்டி இருக்கும் இடமே தெரியாமல் கால் மணி நேரம் தேடியிருக்கிறார். கடைசியில் நாட்காட்டிக்குப் பின்னால் இருந்தது.

அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. தண்ணீர் பிளக் பாயின்ட் உயரத்துக்கு ஏறுவதற்கு முன்பே மெயினை அடக்கவேண்டும். தண்ணீரில் நின்றுகொண்டு அதைத் தொடவே கூடாது. அலமாரியை நகர்த்த ஆள் தேடும் நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

அடுத்த மாதம் இன்னொரு கேள்வி போட்டேன். பெட்டிக்குள் ஆர்சிசிபி என்று ஒன்று இருக்கும், மின்கசிவு வந்தால் கரண்டை வெட்டிவிடுவது அதுதான். அதில் 'டி' எழுத்துப் போட்ட சின்ன பட்டன் உண்டு. "அதை அமுக்குங்கள். கரண்டு போனதா, போகவில்லையா?" போகவேண்டும், போனால்தான் அது வேலை செய்கிறது என்று அர்த்தம். மூன்று வீட்டில் போகவில்லை. அந்த வாரமே நானும் கூட்டாளியும் போய் மூன்றையும் மாற்றிக் கொடுத்தோம். ஒரு வீட்டில் ஏழு மாதக் குழந்தை இருந்தது.

அன்றைக்குப் பிறகு குழுவில் ஒலியை அடக்கிவைத்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள்.

எப்படிப்பட்ட கேள்வி

மாதம் ஒன்று போதும். எங்களுக்கு முதல் ஞாயிறு, பசியாறிய பிறகு. பத்து நிமிடத்தில் செய்து முடிக்கக்கூடியதாக இருக்கவேண்டும், காசு செலவாகக்கூடாது, பதில் ஒரு படமாகவோ ஓர் எண்ணாகவோ இருக்கவேண்டும். "நீங்கள் தயாரா?" என்று கேட்டால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். "டார்ச் லைட்டை இப்போது போட்டுப் பாருங்கள், எரிகிறதா?" என்று கேட்டால் மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருப்பவர்கூட வீட்டுக்குப் போனதும் பதில் போடுவார்.

கேள்விக்கு எங்கே போவது என்று கவலைப்படவேண்டாம், பருவமே எடுத்துக் கொடுக்கும். ஜனவரி, பிப்ரவரி காய்ந்த மாதங்கள், தண்ணீர் சேமிப்பு பற்றிக் கேட்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் சாயங்கால இடிமழை, அப்போது மின்சாரம். ஜூன் முதல் செப்டம்பர் வரை புகைமூட்டம் வரலாம். 2015-லும் 2019-லும் அதனால் பள்ளிக்கூடங்களையே மூடினார்கள். காற்றுத் தூய்மைக் குறியீடு 100-ஐத் தாண்டினால் ஆரோக்கியக் கேடு என்பதை எங்கள் குழுவில் இன்று பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். செப்டம்பர் முதல் நவம்பர் வரை வெள்ளம்தான், வேறு பேச்சில்லை. கனமழையோடு கடல் பெருக்கும் சேர்ந்துவிட்டால் சுங்கை பினாங்கு ஆற்றுத் தண்ணீர் வெளியே போக வழியிருக்காது. அதனால் அந்த மாதங்களில் கடல் பெருக்கு நேரத்தைத் தேடிப் போடச் சொல்வோம்.

டிசம்பர் கேள்வியை மட்டும் நாங்கள் மாற்றுவதே இல்லை. 2004 டிசம்பர் 26 அன்று காலை 9 மணிக்குச் சற்று முன்பு சுமத்ராவுக்கு அப்பால் கடலுக்கடியில் நிலம் ஆடியது. இங்கே அலை வந்தது மதியத்துக்கு மேல். மலேசியாவில் இறந்த 68 பேரில் 52 பேர் பினாங்குக்காரர்கள். இடையில் அத்தனை மணி நேரம் இருந்தது. அதனால் ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறோம்: "பத்து ஃபிரிங்கி கடற்கரையில் குடும்பத்தோடு இருக்கிறீர்கள். கடல் திடீரென்று உள்வாங்குகிறது. எந்தப் பக்கம் ஓடுவீர்கள்? எந்தக் கட்டடத்தின் எந்த மாடி?"

நான் மிகவும் நேசிக்கும் கேள்வி ஒன்று உண்டு. "பேட்டரியில் ஓடும் வானொலியில் மின்னல் எஃப்எம் எங்கே கிடைக்கிறது? கண்டுபிடித்து அந்த இடத்தில் அடையாளம் வையுங்கள்." கரண்டும் இணையமும் போன இரவில், கண் சரியாகத் தெரியாத பாட்டி, அந்த முள்ளை எங்கே நிறுத்துவது? ஒருவர் அனுப்பிய படம் இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது. அவருடைய அப்பாவின் பழைய வானொலி, மூலை உடைந்து ரப்பர் பேண்ட் போட்டது. அதன் கண்ணாடியில் மகளின் சிவப்பு நகப்பூச்சால் ஒரே ஒரு கோடு. கை நடுங்கியிருக்கிறது, கோடு கொஞ்சம் வளைந்திருக்கிறது. அந்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டு 22 பேர் தங்கள் வீட்டு வானொலியில் கோடு போட்டார்கள்.

பதில் போட்டவரை விட்டுவிடாதீர்கள்

முதல் தடவை வாய் திறப்பவருக்கு அரை மணி நேரத்துக்குள் யாராவது பதில் சொல்லியாகவேண்டும். கட்டைவிரல் படம் போதாது. "அண்ணே, அந்தப் பெட்டிக்குக் கீழே ஃபிரிட்ஜை வைக்காதீர்கள்" என்று ஒரு வரி, அவர் அனுப்பியதை நிஜமாகப் பார்த்தோம் என்று தெரியும்படி. மூன்று மாதம் பேச்சுமூச்சு இல்லாதவருக்குக் குழுவில் கேட்காமல் தனியாகப் போன் போடுங்கள். பாதிப் பேருக்கு வீட்டில் உடம்பு சரியில்லாமல் இருக்கும், அதுவே குழு தெரிந்துவைத்திருக்கவேண்டிய செய்திதான். டயாலிசிஸ் போகிறவர், இன்சுலின் போடுகிறவர், படுத்த படுக்கையாக இருப்பவர் யார் யார் என்று எங்களிடம் ஒரு தாள் இருக்கிறது. அதைக் குழுவில் போடமாட்டோம். மூன்று வீட்டில் காகிதமாகவே இருக்கிறது.

இன்சுலின் என்றதும் ஞாபகம் வருகிறது. கரண்டு இல்லாவிட்டால் மண்சட்டிக்குள் மண்சட்டி வைத்து, நடுவில் ஈரமணல் போட்டால் குளிர்ச்சியாக இருக்கும் என்று ஓர் அம்மா சொன்னார். இருக்கும், இருக்காது என்று இரண்டு நாள் வாதம். அப்புறம் அவரே செய்து, உள்ளே வெப்பமானி வைத்துப் படம் அனுப்பினார். வெளியே 31, உள்ளே 28. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், அதனால் அவ்வளவுதான் இறங்கும். ஆனால் வாதம் முடிந்தது. வாதம் வந்தால் அளந்து பார்க்கச் சொல்லுங்கள், குழுவில் சண்டை பாதியாகிவிடும்.

'பார்த்தேன்' வேறு, 'கேள்விப்பட்டேன்' வேறு

2021 டிசம்பர் 18, ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம். எங்கள் உறுப்பினர் ஒருவரின் மகள் அங்கே மாடி வீட்டில் மாட்டிக்கொண்டார். குழுவில் குரல் பதிவாக வந்து குவிந்தது. அணை திறந்துவிட்டார்கள், அது உடைந்தது, இது உடைந்தது என்று யாரோ யாருக்கோ சொன்னவை. எல்லாவற்றையும் கேட்டு முடிக்கவே அரை மணி நேரம் ஆகும். அந்தப் பெண் அப்பாவுக்கு அனுப்பிய செய்தி இவ்வளவுதான்: "6வது படி. 9.40." அப்புறம் "7வது படி. 10.35." அதைப் பார்த்தே அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது, கிட்டத்தட்ட மணிக்கு ஒரு படி, இந்த வேகத்தில் ஏறினால் விடியும்வரை மாடிக்கு வராது என்று. அந்த மனிதர் அழுதுகொண்டேதான் கணக்குப் போட்டார், ஆனால் கணக்குச் சரியாக இருந்தது.

அதன் பிறகு எங்கள் விதி இதுதான். இடம், நேரம், அளவு மூன்றும் எழுத்தில் வேண்டும். கண்ணால் பார்த்தது என்றால் மட்டும் போடுங்கள். சாதாரண நாளில் குரல் பதிவு தாராளமாகப் போடலாம், எழுத வராத பெரியவர்களுக்கு அதுதான் வசதி. மழை நாளில் கூடாது, சிக்னலும் பேட்டரியும் தாங்காது. இதைச் சின்ன மழைகளிலேயே பழக்கிவிடுங்கள். வீட்டுப் பின்சுவரில் தரையிலிருந்து 15, 30, 60 சென்டிமீட்டரில் டேப் ஒட்டச் சொன்னோம். வேகமாக ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே ஆளைத் தள்ளிவிடும், 30 இருந்தால் சின்னக் காரை நகர்த்தும். ஆற்று மட்டத்துக்கு வடிகால் நீர்ப்பாசனத் துறையின் பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர் தளம் இருக்கிறது. ஆபத்து என்றால் 999, குழுவில் எழுதுவதற்கு முன்பே.

ஆபத்து நேரத்துக்குத் தனிக் குழு வையுங்கள், அதில் நிர்வாகிகள் மட்டும் எழுதும்படி. அது ஆண்டுக்கு நான்கைந்து தடவைதான் ஒலிக்கும். ஒலித்தால் எல்லாரும் எடுப்பார்கள். காலை வணக்கப் பூக்களுக்கும் ஒரு குழு திறந்து கொடுத்தோம், அங்கே அவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள்.

சாமான் பிரியர்கள்

எந்தக் குழுவிலும் நான்கு பேர் இருப்பார்கள், வாக்கி டாக்கி, சோலார் பேனல், 300 ரிங்கிட் விலையுள்ள கத்தி என்று படம் போட்டபடி. ஆர்வமும் அறிவும் உள்ளவர்கள், அவர்களை விட்டுவிடாதீர்கள். ஆனால் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, நம்மால் இது முடியாது என்று ஒதுங்குபவர்கள் பத்துப் பேர். எங்கள் ஆட்களிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: உங்கள் சாமானைக் கொண்டு அடுத்த வீட்டுக்காரருக்கு என்ன செய்தீர்கள் என்று போடுங்கள். இப்போது அதில் ஒரு தம்பி, கரண்டு போகும்போதெல்லாம் தன் பெரிய பேட்டரியைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாகப் போய்க் கைப்பேசிகளுக்குச் சார்ஜ் போட்டுக் கொடுக்கிறார்.

ஓர் இரவு, எல்லா வீட்டிலும் விளக்கை அணைத்து

ஆண்டுக்கு ஒருமுறை, ஒரு சனிக்கிழமை இரவு 7 முதல் 10 வரை, விரும்புகிறவர்கள் மெயினை அடக்கிவிடுவோம். ஃபிரிட்ஜைத் திறக்காமல் இருந்தால் நான்கு மணி நேரம் வரை உள்ளே இருப்பது கெடாது, அதனால் பயமில்லை. ஆனால் ஆக்ஸிஜன் இயந்திரம் போல மருத்துவச் சாதனம் ஓடும் வீடு இதில் சேரக்கூடாது. என்ன குறைந்தது என்று குழுவில் அப்போதைக்கப்போதே எழுதவேண்டும். முதல் வருடம் வந்தவை: கேஸ் அடுப்பைப் பற்றவைக்கத் தீப்பெட்டி இல்லை, டின் திறப்பான் இல்லை, குழந்தைக்கு இருட்டுப் பயம், மாத்திரையின் பெயர் தெரியவில்லை. பட்டியல் அனுப்பி ஒரு வருடத்தில் நான் சொல்லிக்கொடுக்க முடியாததை அந்த மூன்று மணி நேரம் சொல்லிக்கொடுத்தது.

நிஜமாகவே ஏதாவது நடந்தாலும் ஒரு வாரத்துக்குள் கேட்டுவிடுங்கள்: "எது இல்லாமல் தவித்தீர்கள்?" 2024 ஜனவரியில் சுங்கை டுவா நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றும் வேலைக்காக நான்கு நாள் தண்ணீரை நிறுத்தினார்கள். ஆளுக்கு நாளுக்கு 4 லிட்டர் என்று குடிதண்ணீரை எல்லாரும் சேர்த்துவைத்திருந்தோம். கழிப்பறையை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஒரு தடவை ஊற்றவே ஆறு லிட்டருக்கு மேல். இப்போது ஏணிப்படிக்கு அடியில் மூடிபோட்ட பீப்பாய் இல்லாத வீடு எங்கள் வரிசையில் குறைவு.

கேள்வி கேட்கும் முறையைச் சுற்றிவிடுங்கள்

நானே மூன்று வருடம் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு டெங்கி வந்து இரண்டு மாதம் படுத்தபோது குழுவும் படுத்துவிட்டது. அதன்பின் ஒவ்வொரு மாதமும் ஒருவர் கேட்கிறார். யார் முறை என்று ஜனவரியிலேயே பட்டியல் ஒட்டிவிடுவோம்.

இந்த மாதம் அந்தக் கீழ்மாடி அக்காவின் முறை, நாட்காட்டிக்குப் பின்னால் பெட்டியைக் கண்டுபிடித்தவர். அவர் கேட்டது: "ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் வந்தால், நீங்கள் யார் வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள்? அவருக்கு அது தெரியுமா? போய்ச் சொல்லிவிட்டு வந்து பதில் போடுங்கள்." இதுவரை 57 பதில் வந்திருக்கிறது. அதில் ஒன்பது பேர் அக்காவின் கதவைத்தான் எழுதியிருக்கிறார்கள்.