பழைய டீசல் லாரியைப் புதுப்பிக்கும்போது குழாய் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தந்தையோ தாத்தாவோ ஓட்டிய டாடா 1210 லாரியைத் தாமே புதுப்பித்துச் சாலையில் இறக்க விரும்பும் இளைஞர்கள் நாமக்கல், சங்ககிரிப் பக்கமிருந்து எங்கள் பட்டறைக்கு அவ்வப்போது வருகிறார்கள். கேபினுக்கும் பெயின்டுக்கும் மாதக்கணக்கில் செலவிடும் அவர்கள், டீசல் குழாய் வேலையை மட்டும் கடைசி நாளில் அவசரமாக முடிக்கிறார்கள். தொழில் பழகிய காலத்தில் நாங்கள் செய்த அதே பிழைகளைத் திரும்பச் செய்கிறார்கள். கழுவாத டேங்கில் வெல்டிங் வைப்பது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அதையும் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றால், அவர் வெல்டிங் ஹோல்டரைக் கையில் எடுக்காமல் இருப்பதே நல்லது.

டீசல் லைனில் டெஃப்லான் டேப்

வீட்டுக் குழாய் வேலையில் பழகிய கை, மரை கண்ட இடமெல்லாம் வெள்ளை டேப்பைச் சுற்றுகிறது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு எரிச்சல் தருவது இந்த ஒன்றுதான்.

பழைய டாடா எஞ்சினில் டீசல் செல்லும் இணைப்புகளில் பெரும்பாலானவை மரையால் அடைபடுபவை அல்ல. பேஞ்சோ போல்ட்டில் (நடுவே டீசல் செல்லத் துளையுள்ள போல்ட்) கசிவைத் தடுப்பது இருபுறமும் உள்ள காப்பர் வாஷர். பிளேர் இணைப்பில் தடுப்பது குழாயின் விரிந்த வாயும் நிப்பிளின் கூம்பு முகமும் ஒன்றோடொன்று அழுந்திப் பொருந்துவது. இரண்டிலும் மரையின் வேலை இறுக்கிப் பிடிப்பது மட்டுமே. அங்கே சுற்றும் டேப் எதையும் அடைப்பதில்லை; மாறாக, போல்ட்டை முறுக்கும்போது மரையின் விளிம்பில் அறுபட்டு, நூல் நூலாகக் குழாய்க்குள் போகிறது.

ஃபில்டருக்கு முன்னால் விழும் நூல் ஃபில்டரில் தங்கிவிடும். ஃபில்டருக்கும், சிலிண்டர்களுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் எஃப்.ஐ. பம்புக்கும் இடையிலுள்ள குழாயில் விழுவதைத் தடுக்க எதுவுமே இல்லை. பம்பின் உள்ளே டீசலைத் தள்ளும் பிளஞ்சருக்கும் அது நகரும் பேரலுக்கும் இடைவெளி சில மைக்ரான்களே. அதற்கு மேலே இருக்கும் டெலிவரி வால்வு தன் இருக்கையில் முழுமையாக அமர்ந்தால்தான், சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில் சட்டென்று மூடும். அந்த இருக்கையில் ஒரு நூல் சிக்கினால் போதும், அந்த ஒரு சிலிண்டர் மட்டும் சரியாக எரியாமல் மிஸ் அடித்துப் புகை தள்ளும்.

ஒரு வண்டி அப்படித்தான் வந்தது. டேங்கு நிறைந்திருக்கும்போது நன்றாக ஓடியதாகவும், பாதிக்குக் கீழே இறங்கியதும் ஏற்றத்தில் அணைந்துபோனதாகவும் உரிமையாளரான இளைஞர் சொன்னார். டேங்கின் மட்டம் இறங்க இறங்க, அங்கிருந்து டீசலை எடுத்துவரும் ஃபீடு பம்பு கூடுதல் விசையோடு இழுக்க வேண்டியிருப்பதால், இழுக்கும் பக்கத்தில் எங்கோ காற்று புகுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டியதில்லை. அந்தப் பக்கத்தில் டீசல் வெளியே சொட்டாது என்பதால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. யாரோ சொன்னதைக் கேட்டு அவர் டேங்கு முதல் பம்பு வரை எல்லா இணைப்புகளையும் கழற்றி டேப் சுற்றிவிட்டார். காற்றுப் புகுவது நிற்கவில்லை. கூடவே மூன்றாவது சிலிண்டரும் மிஸ் அடிக்கத் தொடங்கியது. நாசில்களை மாற்றினார். பிறகு பம்பைக் கழற்றி சர்வீஸ் கடைக்கு அனுப்பினார். டெலிவரி வால்வில் இருந்த வெள்ளை நூலைப் பழுது பார்த்தவர் எடுத்துப் போட்டுவிட்டு, பம்பு தரும் டீசல் அளவையும் சரிபார்த்து (கேலிபரேஷன்) ஐந்திலக்கத்தில் பில் கொடுத்தார். பம்பின் வாயில் இருந்த பேஞ்சோ போல்ட்டில் டேப் அப்படியே இருந்ததால், மாட்டிய சில நாட்களிலேயே பழைய கதை திரும்பியது. உண்மையான காரணம் டேங்கின் அருகே, செப்புக்குழாயின் பிளேரில் இருந்த மயிரிழை விரிசல். ஒரு முழக் குழாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை அது.

காற்று புகும் இடத்தைக் கண்டறிய டேங்குப் பக்கத்து முனையைக் கழற்றி அடைத்துவிட்டு, ஃபீடு பம்புப் பக்கத்து முனையிலிருந்து சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்றடித்து, ஒவ்வோர் இணைப்பிலும் சோப்பு நீர் தடவிப் பாருங்கள். காப்பர் வாஷரை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள்; புதியது கிடைக்காவிட்டால் பழையதைச் செந்நிறமாகச் சுடவைத்து ஆற்றி மென்மையாக்கிக்கொள்ளலாம். செப்புக்குழாயையும் பிளேர் அடிப்பதற்கு முன் அவ்வாறே பதப்படுத்த வேண்டும். அதிர்வில் செம்பு நாளடைவில் இறுகிப் பிளக்கும் என்பதால் சேசிஸில் அடுத்தடுத்து கிளாம்பு போட்டு, எஞ்சினுக்குத் தாவும் இடத்தில் டீசல் தாங்கும் ரப்பர் ஹோஸ் வைக்க வேண்டும். மரையே கசிவை அடைக்கும் கூம்பு மரை உள்ள ஓரிரு இடங்களில் மட்டும், முதல் இரண்டு மரைகளை விட்டுவிட்டு, திரவ சீலன்ட் தடவலாம். ஃபில்டருக்குப் பின்னால் புதுக்குழாய் போட்டால், பம்பில் மாட்டுமுன் ஃபீடு பம்பிலுள்ள கைப்பம்பை அடித்துச் சுத்தமான பாட்டிலில் டீசலைப் பிடித்துப் பாருங்கள். அறுத்த செப்புத் தூள் பாட்டிலின் அடியில் தெரியும்.

நாசில் பைப்புகளின் நீளம்

எஃப்.ஐ. பம்பிலிருந்து நாசிலுக்குப் போகும் பைப்புகளை, பம்புக்கு அருகே இருக்கும் சிலிண்டருக்குச் சிறிய பைப், தூரத்தில் இருப்பதற்கு நீண்ட பைப் என்று செய்து வருகிறார்கள். கம்பெனி பைப்புகள் தேவையின்றி வளைந்திருப்பதாகத் தோன்றினாலும், ஆறும் ஒரே நீளமாக இருப்பதற்காகவே அந்த வளைவுகள். டீசலுக்குள் அழுத்த அலை நொடிக்குச் சுமார் 1,400 மீட்டர் வேகத்தில் செல்கிறது. ஒரு பைப் மட்டும் 30 செ.மீ. நீண்டால், 2,800 ஆர்.பி.எம்.மில் அந்தச் சிலிண்டரின் டைமிங் ஏறத்தாழ மூன்றரை டிகிரி பின்தங்கும். உள் விட்டமும் மாறக் கூடாது.

ஜி.ஐ. பைப், ஜி.ஐ. தகடு

துத்தநாகம் பூசிய இவை டீசலுக்கு வேண்டாம். துத்தநாகம் டீசலிலுள்ள அமிலங்களோடு சேர்ந்து பசையாகி ஃபில்டரை அடைக்கும்.

சேசிஸில் பிராக்கெட்

சேசிஸ் சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் துளையிடுவதும் வெல்டிங் வைப்பதும் கூடாது; சுமையால் வரும் இழுவிசையும் அழுத்தவிசையும் அங்கேதான் அதிகம். நடுத்தகட்டில் துளையிட்டு போல்ட்டால் மாட்டுங்கள்.

பிரேக் ஆயில் லைன்

வெறும் செப்புக்குழாயும் ஒற்றை பிளேரும் கூடவே கூடாது.

புதிதாகச் செய்த டேங்கு

இழுகுழாயின் வாய் அடித்தளத்திலிருந்து ஓர் அங்குலமாவது உயர்ந்திருக்க வேண்டும். இல்லையெனில் கீழே தங்கும் நீரையும் சேர்த்தே இழுக்கும். ரிட்டர்ன் குழாயை அதன் அருகிலேயே இறக்கினால், நுரையோடு திரும்பும் டீசல் உடனே மீண்டும் பம்புக்குப் போகும் என்பதால் எதிர்ப்புறத்தில் இறக்குவது நல்லது. மூடியில் காற்றுத் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். சிறிது தூரம் ஓடி வண்டி நின்ற பிறகு மூடியைத் திறக்கும்போது ‘புஸ்’ என்று காற்று உள்ளே இழுபட்டால், குறை அந்தத் துளையில்தான்; பம்பைத் தொட வேண்டியதில்லை.