குளம் நிரம்பாத ஆண்டில் சிறுபோகத் தண்ணீரைப் பங்கிடும் முறை

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் பெய்து முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு குளத்துக்கு வந்துசேரும் நீர் சொற்பம் என்பதால், பங்குனியில் குளத்தில் என்ன நிற்கிறதோ அதுதான் சிறுபோகத்துக்கு, அதாவது கோடைகால நெற்செய்கைக்கு, நம் கையிலுள்ள முதல். குளம் நிரம்பி வான் பாய்ந்த ஆண்டில் பங்கீட்டைப் பற்றி யாரும் அதிகம் கவலைப்படுவதில்லை. குளம் பாதியோ முக்காலோ நிரம்பிய ஆண்டில்தான் வாய்க்கால் தொடங்கும் இடத்திலுள்ள தலைக்கண்டத்து வரம்பு வழிய, அது முடியும் இடத்திலுள்ள கடைக்கண்டத்து வயல் வெடிக்கிறது.

எனது வயல் கடைக்கண்டத்தில் இருக்கிறது. ஒரு சிறுபோகத்தில் குடலைப் பருவத்தின்போது (கதிர் வெளிவருமுன் தண்டுக்குள் திரளும் பருவம்) பதினேழு நாட்கள் எங்கள் மடைக்குத் தண்ணீர் வரவில்லை. வெளிவந்த கதிர்களில் பாதிக்கு மேல் பதராகப் போயின. குளத்தில் அப்போதும் தண்ணீர் இருந்தது. ஆனால் துருசு (குளத்து நீரை வாய்க்காலுக்கு விடும் மதகு) திறப்பதற்கு முன்பு அதைக் கணக்கிட்டவர் ஒருவரும் இல்லை. வயல்வெளியின் தண்ணீர்ப் பங்கீட்டைப் பார்க்கும் வட்டவிதானைமார், கமக்காரர் (விவசாயிகள்) அமைப்பின் நிர்வாகிகள், இரண்டு ஏக்கர் செய்கின்ற சாதாரண விவசாயி ஆகிய மூவரும் பங்குனியில் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் உரிமை எதுவென்று தெளிவாக இருக்க வேண்டும். குளத்து நீர் தனியாருக்குச் சொந்தமானதல்ல; திட்டத்துக்குள் அடங்கிய காணிக்கு அந்தப் போகத்தில் தீர்மானிக்கப்பட்ட பங்கு கிடைக்க வேண்டும் என்பதே விவசாயியின் உரிமை. அது காணியைச் சார்ந்து வருவதால், வாய்க்காலுக்கு மேலேயுள்ள மேட்டு நிலத்தை வெட்டித் திருத்திப் பம்பி வைத்து இறைப்பவருக்கு அந்தப் பங்கு இல்லை. பெரிய குளங்களை நீர்ப்பாசனத் திணைக்களமும், 200 ஏக்கர் வரை பாய்கின்ற சிறு குளங்களைக் கமநல அபிவிருத்தித் திணைக்களமும் பார்க்கின்றன. 1946ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டமும் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டமும் இவற்றுக்கு அடிப்படை. உங்கள் வயல் கமநல சேவை நிலையத்தின் காணிப் பதிவேட்டில் சரியான ஏக்கர் அளவோடு இருக்கிறதா, ஏக்கர் வரி கட்டிய பற்றுச்சீட்டு கையில் இருக்கிறதா என்பதைக் கூட்டத்துக்கு முன்பே பாருங்கள். குத்தகைக்குச் செய்பவர் காணிக்காரரையும் அழைத்துக்கொண்டு வருவது நல்லது.

உரிமை செயலுக்கு வருகின்ற இடம் சிறுபோக ஆரம்பக் கூட்டம். அங்கே எடுக்கப்படும் தீர்மானம் வந்தவரையும் வராதவரையும் ஒன்றுபோலக் கட்டுப்படுத்தும். எந்தக் கண்டங்கள் செய்கை பண்ணப்படும், முதல் தண்ணீர் எப்போது, விதைப்பு எந்தத் திகதியோடு முடிய வேண்டும், எத்தனை மாத நெல், கட்டாக்காலி மாடுகளை வயல்வெளியிலிருந்து எப்போது அகற்ற வேண்டும், கடைசித் தண்ணீர் எப்போது என்பவை எல்லாம் அங்கே முடிவாகின்றன. ஆனால் கூட்டத்துக்கு வந்துதான் கணக்கைக் கேட்பது என்றால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். இரண்டு வாரத்துக்கு முன்பாகவே அமைப்பின் நிர்வாகிகள் நீர்ப்பாசனப் பொறியியலாளரின் அலுவலகத்துக்குப் போய், குளத்தின் நீர்மட்டத்துக்கும் கொள்ளளவுக்குமான அட்டவணையைக் கேட்டுப் பார்க்க வேண்டும். குளம் சட்டியைப் போல அடியில் ஒடுங்கி மேலே விரிந்திருப்பதால், அளவுகோலில் பாதி உயரம் தெரிந்தால் பாதித் தண்ணீர் இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. பாதி உயரத்தில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் இருக்கும். நம்மில் பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

கணக்கை ஓர் எடுத்துக்காட்டோடு செய்து பார்ப்போம். பங்குனிக் கடைசியில் ஒரு குளத்தில் 12,000 ஏக்கர் அடி நீர் இருப்பதாகக் கொள்வோம் (ஓர் ஏக்கரில் ஓரடி ஆழத்துக்கு நிற்கும் நீரே ஓர் ஏக்கர் அடி). துருசு மட்டத்துக்குக் கீழே நின்றுவிடும் நீர் 1,000. குடிநீருக்கும் மாடுகளுக்கும் மீனுக்குமாக ஒதுக்குவது 1,500. (இந்த ஒதுக்கீட்டைக் குறைத்துப் பேச யாரும் துணியக் கூடாது, உன்னிச்சைக் குளத்து நீரை மட்டக்களப்பு நகரமே குடிக்கிறது.) அடுத்தது ஆவியாதல். கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் மாதங்களில் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் அளவில் நீர் ஆவியாகப் போகும்; 120 நாளில் அது 600 மில்லிமீற்றர், அதாவது 2 அடி. நீர்ப்பரப்பு சராசரியாக 1,200 ஏக்கர் என்றால் 2,400 ஏக்கர் அடி காற்றோடு போய்விடும். கட்டின் கசிவுக்கு 600 என்று வைத்தால், வயலுக்கு மிஞ்சுவது 6,500 ஏக்கர் அடி. குளத்தைப் பார்க்கும் கண்ணுக்குப் பன்னிரண்டாயிரம், வயலுக்கு ஆறாயிரத்து ஐந்நூறு!

இனி ஓர் ஏக்கருக்கு எவ்வளவு தேவை என்று பார்க்க வேண்டும். உழவுக்கும் சேறடிப்பதற்கும் 8 அங்குலம். அதன்பின் 85 நாட்களுக்குப் பயிர் குடிப்பதும் மண்ணுக்குள் இறங்குவதுமாக நாளுக்கு 8.5 மில்லிமீற்றர் என்று வைத்தால் 28 அங்குலத்துக்குச் சற்றுக் கூட. ஆக வயலில் 3 அடி. வாய்க்காலில் நான்கில் ஒரு பங்கு வீணாகும் என்றால் துருசில் 4 அடி விட வேண்டும். அப்படியானால் 6,500 ஏக்கர் அடிக்கு 1,625 ஏக்கர்தான் செய்யலாம். உழவை 6 அங்குலத்தில் முடித்து, வாய்க்காலைத் துப்புரவாக்கி, முறைவைத்துத் தண்ணீர் கட்டினால் தேவை 3¼ அடிக்கு இறங்கும். அதே தண்ணீரில் 2,000 ஏக்கர் செய்யலாம். இந்த 375 ஏக்கர்தான் கடைக்கண்டத்து மக்களின் சோறு. உங்கள் மண் மணற்பாங்காக இருந்தால் இந்த எண்கள் கூடும், களியாக இருந்தால் குறையும். ஆகவே உங்கள் வட்டையின் (வயல்வெளியின்) பழைய போகக் குறிப்புகளோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

திட்டத்தில் 3,000 ஏக்கர் இருந்து 2,000 ஏக்கருக்குத்தான் நீர் உண்டு என்றால் யாரை விடுவது? கண்டங்களை ஆண்டு மாற்றி ஆண்டு செய்வது ஒரு வழி. ஒவ்வொருவரும் தம் காணியில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் செய்வது இன்னொரு வழி. கேட்பதற்கு நியாயமாகத் தெரிந்தாலும், முழு நீளத்துக்கும் வாய்க்கால் ஓட வேண்டியிருப்பதால் வழியில் போகும் நீர் குறையாது. மூன்றாவது, சிங்கள ஊர்களில் பெத்ம என்று சொல்லப்படுவது: குளத்துக்கு அண்மையிலுள்ள வயல்களை மட்டும் செய்கைக்கு எடுத்து, கடைக்கண்டத்தார் உட்பட எல்லோருக்கும் அந்தப் போகத்துக்கு மட்டும் அதில் பங்கு கொடுப்பது. தண்ணீர்க் கணக்கின்படி இதுவே சிறந்தது என்பது என் கருத்து. தன் வயலில் இன்னொருவர் இறங்கினால் பிறகு எழும்புவாரோ என்ற பயம்தான் இதற்குத் தடை. அந்தப் பயத்தை அலட்சியப்படுத்தாமல், பெயர், ஏக்கர், திரும்ப ஒப்படைக்கும் திகதி ஆகியவற்றைக் கூட்டக் குறிப்பில் எழுதி, இரு தரப்பும் கையொப்பமிட்டு, பிரதி ஒன்றைக் கமநல சேவை நிலையத்தில் கொடுத்துவிட வேண்டும்.

நெல் இனத்தைப் பொறுத்தவரை, தட்டுப்பாட்டு ஆண்டில் மூன்றரை மாத நெல்லை யாரும் விதைக்கக் கூடாது. பிஜி 300 போன்ற மூன்று மாத நெல்லோ, இன்னும் இறுக்கமான ஆண்டில் பிஜி 250 என்ற இரண்டரை மாத நெல்லோ போதும். ஒரே வாய்க்காலில் ஒருவர் மூன்று மாதமும் மற்றவர் மூன்றரை மாதமும் விதைத்தால், அந்த ஒருவருக்காக மேலும் இரண்டு வாரம் துருசு திறந்திருக்கும். விதைப்பு நாட்களும் அப்படியே: ஒரு வாய்க்காலின் உழவும் விதைப்பும் இரண்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். தண்ணீர் வந்த பிறகு உழவு இயந்திரம் தேடித் திரிவது கூடாத காரியம்.

துருசு திறப்பதற்கு முந்திய வாரத்தில் வாய்க்கால் துப்புரவாகியிருக்க வேண்டும். அதன்பின் ஒவ்வொரு வாய்க்கால் தலைப்பிலும் எவ்வளவு நீர் வருகிறது என்பதை அளந்து பழகுங்கள். நேராக ஓடும் இடமாகப் பார்த்து, கரையோரமாக 50 அடி அளந்து இரு முனையிலும் தடி ஊன்றுங்கள். அகலத்தை அளந்து, குறுக்கே நான்கைந்து இடத்தில் ஆழம் பார்த்துச் சராசரி எடுங்கள். மேல் தடிக்குச் சற்று முன்னால் ஒரு தோடம்பழத்தை நடு ஓட்டத்தில் விடுங்கள். அது பெரும்பகுதி நீருக்குள் அமிழ்ந்து மிதப்பதால் காற்று அதைத் தள்ளாது. ஒரு தடியிலிருந்து மறு தடிக்கு வர எத்தனை செக்கன் என்று கைத்தொலைபேசியில் மூன்று முறை பார்த்துச் சராசரி எடுங்கள். 40 செக்கன் ஆனால் வேகம் செக்கனுக்கு 1.25 அடி. மேற்பரப்பு நீர் அடி நீரைவிட விரைவாக ஓடுவதால் 0.8ஆல் பெருக்குங்கள், 1 அடி வரும். அகலம் 6 அடி, ஆழம் ஒன்றரை அடி என்றால் செக்கனுக்கு 9 கன அடி. செக்கனுக்கு 1 கன அடி நீர் ஒரு நாள் முழுவதும் ஓடினால் ஏறத்தாழ 2 ஏக்கர் அடி. ஆகவே அந்த வாய்க்கால் ஒரு நாளில் 18 ஏக்கர் அடி கொண்டுவருகிறது. அது 72 ஏக்கருக்கு 3 அங்குலம் தண்ணீர் கட்டப் போதுமானது. இதே அளவைக் கடைக்கண்டத்திலும் எடுத்தால், நடுவில் எவ்வளவு காணாமற் போகிறது என்பதை யாரையும் கள்ளன் என்று சொல்லாமலே காட்டிவிடலாம்.

முறைப்பட்டியலை எழுதும்போது கடைசி மடையிலிருந்து தொடங்குங்கள். தலைப்பிலிருந்து தொடங்கினால் முதலாமவர் நிரப்பும்வரை இரண்டாமவர் காத்திருப்பார், கடைசி ஆளுக்கு முறை முடியும் நேரத்தில் சேற்றுத் தண்ணீர்தான் வரும். கடைசியிலிருந்து தொடங்கினால், மேலேயுள்ளவர் தம் முறை வரவேண்டும் என்பதற்காகவே கீழேயுள்ளவரின் மடை சீக்கிரம் நிறைய உதவுவார். இது நடக்காத காரியமல்ல. பட்டிப்பளை ஆற்றின் குறுக்கே இங்கினியாகலையில் கட்டப்பட்ட சேனாநாயக்க சமுத்திரம் 770,000 ஏக்கர் அடி கொள்ளக்கூடியது. அது 1981 சிறுபோகத்தில் கால்வாசி மட்டுமே நிரம்பியிருந்தபோது, இடதுகரை வாய்க்காலில் விவசாயிகள் குழுக்களாகச் சேர்ந்து, நெடுங்காலம் துப்புரவாக்கப்படாத வாய்க்கால்களைத் தாங்களே வெட்டி, முறைவைத்துக் கீழ்ப்பகுதிக்குத் தண்ணீர் விட்டார்கள். மேலே சிங்கள விவசாயிகள், கீழே தமிழ் விவசாயிகள் என்றிருந்த இடங்களிலும் அது நடந்தது.

பட்டியலில் மடையின் எண், ஏக்கர், திறக்கும் நேரம், பூட்டும் நேரம் ஆகிய நான்கும் இருந்தால் போதும். ஏக்கருக்கு இவ்வளவு மணித்தியாலம் என்று கணக்கிட்டு, இரவு முறை ஒருவருக்கே தொடர்ந்து விழாமல் வாரந்தோறும் மாற்றுங்கள். யானை நடமாட்டமுள்ள படுவான்கரை (மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கம்) எல்லையில் இரவு முறைக்கு ஒருவரைத் தனியே அனுப்பாதீர்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் குளிர்த்திச் சடங்கு நடக்கும் நாட்களில் வாய்க்காலில் ஆள் குறையும் என்பதையும் முன்கூட்டியே எண்ணிவையுங்கள்.

ஐந்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வந்தால் பயிர் வாடிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தைப் போக்க ஒரு குழாய்த் துண்டு போதும். ஓரடி நீளமான பிவிசி குழாயின் கீழ்ப்பாதியில் துளைகள் இட்டு, அந்தப் பாதியை வயலுக்குள் புதைத்து, உள்ளேயுள்ள சேற்றை அள்ளிவிடுங்கள். மேலே நிலம் காய்ந்து தெரிந்தாலும் குழாய்க்குள் நீர் நிற்பதைக் காண்பீர்கள். அது நிலமட்டத்திலிருந்து 15 சென்ரிமீற்றர் கீழே இறங்கும்வரை நெற்பயிரின் வேருக்குக் குறைவில்லை. ஆனால் இதற்கு விலக்கான காலம் ஒன்று உண்டு. குடலை தள்ளத் தொடங்கியதிலிருந்து பூத்து முடியும்வரை வயலில் நீர் நிற்க வேண்டும். மூன்று மாத நெல்லில் அது ஏறத்தாழ 50ஆம் நாளிலிருந்து 70ஆம் நாள்வரை. முறைப்பட்டியலில் சேமித்த தண்ணீரை இந்த இருபது நாளுக்காகவே வைத்திருக்கிறோம் என்பதை எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

கள்ள மடை வெட்டப்பட்டால் அன்றே படம் எடுத்து, நேரத்தையும் இடத்தையும் எழுதி, வட்டவிதானையின் கையொப்பத்தோடு அமைப்பின் தலைவருக்குக் கொடுங்கள். முதல் தடவை அமைப்புக்குள் பேசித் தீர்க்கலாம். இரண்டாவது தடவை கமநல அபிவிருத்தி உத்தியோகத்தருக்கோ நீர்ப்பாசன அலுவலகத்துக்கோ எழுத்தில் முறையிட வேண்டும். வாய்ச்சண்டை பிடித்துக் கட்டை நாமே வெட்டினால் முறைப்பாட்டுக்கு நமக்கிருந்த தகுதியும் போய்விடும்.

அறுவடைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வயலுக்குத் தண்ணீர் கட்டுவதை நிறுத்தி, வடிச்சலைத் திறந்துவிடுங்கள். துருசு பூட்டிய நாளில் குளத்தின் அளவுகோலில் நீர்மட்டம் எத்தனை அடி எத்தனை அங்குலம் என்பதையும், அந்தப் போகத்தில் எத்தனை நாள் எவ்வளவு நீர் விடப்பட்டது என்பதையும், எத்தனை ஏக்கர் அறுவடையானது என்பதையும் அமைப்பின் கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த பங்குனியில் ஏக்கருக்கு எத்தனை அடி என்ற கேள்வி எழும்போது முதலில் திறக்க வேண்டியது அந்தக் கொப்பியைத்தான்.