தை பிறந்த பிறகு அழகர்மலையில் காட்டுப்பூ தேட

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மூன்று வாரம் ஆனாலே அழகர்மலை வெளுக்கத் தொடங்கும். மார்கழிக் கடைசியிலும் தையிலும் பூக்கள் ஈரம் நிற்கும் மூலைகளில் ஒதுங்கியிருக்கும். அதனால் முதலில் ஈரத்தைத் தேடுங்கள். இந்த மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் பாறைகளின் வடக்கு அடிவாரம் நிழலில் கிடந்து மெதுவாகத்தான் காயும். பாறை கசியும் இடம், ஓடைக்கரை, மரத்தடிச் சருகு இவற்றை விடாதீர்கள்.

மதுரையிலிருந்து 21 கிலோமீட்டர்தான். காலை 7 மணிக்குள் அடிவாரத்தில் இருங்கள். கானாவாழை நண்பகலுக்குள் வாடிவிடும், விஷ்ணுகிராந்தி மதியம் சுருங்கிக்கொள்ளும். சாமி கும்பிட்டுவிட்டு பதினோரு மணிக்கு மேலே ஏறுபவர்கள் ‘ஒண்ணுமே இல்லையே’ என்பது இதனால்தான்.

விஷ்ணுகிராந்திக்கு நிழல் வேண்டாம். வெயில் படும் சரளைமண்ணில் தரையோடு படர்ந்திருக்கும். நீலப்பூ ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. இருபது அடிக்கு ஒருமுறை நின்று, குந்தி உட்கார்ந்து பாருங்கள். ஓரிதழ்தாமரையும் இப்படித்தான் கண்ணில் படும்: ஐந்து இதழில் ஒன்று மட்டும் பெரிதாக, இளஞ்சிவப்பாக நிற்கும்.

மஞ்சள் பூவில் குழப்பம் அதிகம். ஆவாரம்பூவில் ஐந்து இதழும் தனித்தனியாக விரிந்திருக்கும். கிலுகிலுப்பையின் பூ அவரைப்பூ வடிவம்; காய்ந்த காயை ஆட்டினால் பெயருக்கேற்பச் சத்தம் வரும். உண்ணிச்செடி கண்ணைப் பறிக்கும், ஆனால் அது அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு காட்டை அடைத்துக்கொண்ட செடி.

செங்காந்தள் பூவைப் பார்க்க ஐப்பசி, கார்த்திகையிலேயே வரவேண்டும். தையில் புதர்களில் இலைநுனி பற்றுக்கம்பியாகச் சுருண்ட காய்ந்த கொடியைத் தேடினால், வெடித்த காயில் செக்கச்செவேலென்ற விதைகள் கிடைக்கலாம். கிழங்கும் விதையும் கொடிய விஷம், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

படம் எடுக்கையில் பூவை மட்டும் எடுத்தால் வீட்டில் பெயர் கண்டுபிடிக்க முடியாது. பூவின் முகம், பக்கவாட்டு, இலையின் இரு புறம், முழுச்செடி என ஐந்து படம் வேண்டும். அளவு தெரிய ஒரு நாணயத்தைப் பக்கத்தில் வையுங்கள். இலை எதிரெதிரா, மாறிமாறியா என்பதும் தெரியவேண்டும்.

பாதையை விட்டு விலகி உள்ளே போக வனத்துறை அனுமதி தேவை. தின்பண்டத்தைக் கேரிபேக்கில் தொங்கவிட்டுப் போகாதீர்கள். பூ தேடக் குனிந்த நேரம் பார்த்துக் குரங்கு பறித்துவிடும்.