அஃபிலியேட் மார்க்கெட்டிங்: தொடங்குபவர்கள் தப்புக்கணக்குப் போடும் இடங்கள்

அஃபிலியேட் மார்க்கெட்டிங் என்பது ஒரு நிறுவனம் உங்களுக்கெனத் தரும் தனி லிங்க்கைப் பகிர்ந்து, அதன் வழியாக நடக்கும் விற்பனைக்குக் கமிஷன் பெறுவது. இதில் புதிதாக நுழைபவர்கள் முதலில் பார்ப்பது கமிஷன் சதவீதத்தை. எந்தத் திட்டம் அதிகம் தருகிறதோ அதில் சேர்ந்து, லிங்க்கை எடுத்து, கண்ட இடத்திலெல்லாம் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். சில வாரம் கழித்து டேஷ்போர்டைத் திறந்தால் ஐம்பது, அறுபது கிளிக் இருக்கும். வருமானம் பூஜ்யமாக இருக்கும். "இதெல்லாம் ஏமாற்று வேலை" என்று அன்றோடு விட்டுவிடுவார்கள். பெரும்பாலும் அங்கே யாரும் யாரையும் ஏமாற்றியிருக்க மாட்டார்கள். ஒருவர் லிங்க்கைத் தொடுவதற்கும் உங்கள் வங்கிக் கணக்கில் பணம் விழுவதற்கும் நடுவில் பல கட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிந்துகொண்டே வரும். இது தெரியாமல் தொடங்குவதுதான் அடிப்படைத் தவறு.

அதிகச் சதவீதம் என்றால் அதிக வருமானம்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் கட்டுரையை 1,000 பேர் படிக்கிறார்கள். அதில் 5 சதவீதம், அதாவது 50 பேர், லிங்க்கைத் தொடுகிறார்கள். அந்த 50 பேரில் 4 சதவீதம், அதாவது 2 பேர், பொருளை வாங்குகிறார்கள். பொருளின் விலை 1,000, கமிஷன் 5 சதவீதம் என்றால் ஒரு விற்பனைக்கு 50, மொத்தம் 100. எந்த நாணயமாக இருந்தாலும் கணக்கு இதுதான். 50 கிளிக்குக்கு 100 என்றால் ஒரு கிளிக்கின் மதிப்பு 2.

இப்போது 40 சதவீதம் தரும் ஒரு ஆன்லைன் வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். விலை 5,000. ஒரு விற்பனைக்கு 2,000 கிடைக்கும். ஆனால் 2,000 பேர் கிளிக் செய்தால் ஒருவர்தான் வாங்குகிறார் என்றால் ஒரு கிளிக்கின் மதிப்பு 1. எட்டு மடங்கு சதவீதம், பாதி வருமானம். அனுபவமுள்ளவர்கள் சதவீதத்தை விட்டுவிட்டு இபிசி எனப்படும் இந்தக் கிளிக் மதிப்பைப் பார்ப்பது இதனால்தான். பல நெட்வொர்க்குகள் (பல நிறுவனங்களின் திட்டங்களை ஒரே இடத்தில் தரும் தளங்கள்) ஒவ்வொரு திட்டத்துக்கும் சராசரி இபிசியைக் காட்டுகின்றன. சிலர் ஒரு கிளிக்குக்கும் சிலர் 100 கிளிக்குக்கும் கணக்கிட்டுக் காட்டுவார்கள். ஒப்பிடும் முன் அதைக் கவனித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: கமிஷன் பெரும்பாலும் வரி, டெலிவரிக் கட்டணம், தள்ளுபடி எல்லாம் போன தொகைக்குத்தான். வாடிக்கையாளர் கட்டிய முழுத் தொகைக்கு அல்ல.

இதே கணக்கு அவசர முடிவுகளையும் தடுக்கும். 100 கிளிக்கில் 2 பேர் வாங்கும் ஒரு நல்ல லிங்க்கில்கூட, முதல் 50 கிளிக்கில் ஒரு விற்பனையும் நடக்காமல் போக 36 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அதாவது மூன்றில் ஒரு தடவைக்கு மேல். அதே லிங்க் 200 கிளிக் வரை பூஜ்யமாகவே இருக்க வாய்ப்பு 2 சதவீதத்துக்கும் கீழே. ஆகவே 50 கிளிக்கோடு ஒரு திட்டத்தைக் கைவிடுவது அவசரம்; 200 தாண்டியும் ஒன்றும் விற்கவில்லை என்றால் பொருளிலோ, லிங்க்கிலோ, படிக்க வருபவர்களின் தேவையிலோ ஏதோ பொருந்தவில்லை. எங்கே என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு இடத்துக்கும் தனி சப்-ஐடி அல்லது டிராக்கிங் ஐடி (கிளிக் எங்கிருந்து வந்தது என்று காட்டும் அடையாளக் குறி) வையுங்கள்: கட்டுரையின் தொடக்கத்துக்கு ஒன்று, ஒப்பீட்டு அட்டவணைக்கு ஒன்று, வீடியோ விவரக்குறிப்புக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் ஒரே லிங்க் போட்டால், எது விற்றது என்பது கடைசிவரை தெரியாது.

கிளிக் செய்தவர் வாங்கினால் கமிஷன் நமக்குத்தான்?

கட்டாயமில்லை. கிளிக் பதிவாகும்போது ஒரு குக்கி, அதாவது யார் லிங்க் வழியாக வந்தார் என்பதை உலாவியில் குறித்துவைக்கும் சிறு கோப்பு, வைக்கப்படுகிறது. அதற்கு ஆயுள் உண்டு. அமேசானின் அஃபிலியேட் திட்டமான அமேசான் அசோசியேட்ஸில் அது 24 மணி நேரம். அதற்குள் பொருளைக் கார்ட்டில் போட்டுவிட்டால் சுமார் 90 நாள் வரை அவகாசம் நீளும். கார்ட்டில் போடாமல் இரண்டு நாள் யோசித்துவிட்டு நேராகத் தளத்துக்குப் போய் வாங்கினால் உங்களுக்கு ஒன்றும் இல்லை. வேறு திட்டங்களில் 7 நாள், 30 நாள், 90 நாள் என்று இருக்கும். குளிர்சாதனப் பெட்டி, மடிக்கணினி மாதிரி வாரக்கணக்கில் யோசித்து வாங்கும் பொருளுக்கு 24 மணி நேரக் குக்கி மிகக் குறைவு. நூறு, இருநூறுக்குள் உடனே வாங்கிவிடும் பொருளுக்கு அதுவே போதும்.

குக்கி உயிரோடு இருந்தாலும், பெரும்பாலான திட்டங்களில் கடைசியாகக் கிளிக் வாங்கியவருக்கே கமிஷன். உங்கள் கட்டுரையைப் படித்து முடிவெடுத்தவர் பணம் கட்டும் நேரத்தில் "கூப்பன் இருக்கிறதா" என்று தேடி இன்னொரு தளத்தின் லிங்க் வழியாகப் போனால், கமிஷன் அந்தத் தளத்துக்குப் போய்விடும். செல்லுபடியாகும் கூப்பன் இருந்தால் அதை நீங்களே கட்டுரையில் கொடுத்துவிடுவது இதற்கு நேரடியான மருந்து.

உலாவிகளும் குறுக்கே வரும். சஃபாரி 2017 முதல் டிராக்கிங்கைக் கட்டுப்படுத்தி வருகிறது; 2020 முதல் மூன்றாம் தரப்புக் குக்கிகளை (பார்க்கும் தளம் அல்லாமல் வேறு தளம் வைப்பவை) முழுவதும் தடுக்கிறது. சமூக வலைத்தளச் செயலிக்குள் லிங்க்கைத் தொட்டால் அந்தச் செயலியின் சொந்த உலாவி திறக்கும். அதில் வாடிக்கையாளர் லாகின் ஆகியிருக்க மாட்டார். அதை மூடிவிட்டுக் கடையின் செயலியைத் தனியாகத் திறந்து வாங்குவார். உங்கள் கிளிக் அங்கேயே அறுந்துபோகும். திட்டத்தில் சேரும் முன், டிராக்கிங் உலாவியின் குக்கியை மட்டும் நம்பாமல் நிறுவனத்தின் சர்வர் வழியாக நடக்கிறதா, மொபைல் செயலியில் நடக்கும் விற்பனை கணக்கில் வருமா என்று இரண்டு கேள்வி கேளுங்கள். பதில் தெளிவாக வராத திட்டத்தில் உழைப்பைப் போடாதீர்கள்.

டேஷ்போர்டில் தெரிவது கையில் இருக்கும் பணமா?

அது "நிலுவை"யில் இருக்கும் பணம். வாடிக்கையாளர் பொருளைத் திருப்பி அனுப்பினாலோ, ஆர்டரை ரத்து செய்தாலோ கமிஷனும் திரும்பிப் போகும். ரிட்டர்ன் காலம் முடியும்வரை தொகையைப் பிடித்து வைத்திருப்பது வழக்கம். திட்டத்தைப் பொறுத்து 30 முதல் 90 நாள். அமேசான் மாத முடிவிலிருந்து ஏறத்தாழ 60 நாளில் கொடுக்கிறது: ஜனவரி விற்பனைக்கு மார்ச் கடைசியில் பணம். குறைந்தபட்சத் தொகை சேரவில்லை என்றால் அதுவும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். அளவு பார்த்துத்தான் பொருந்துமா என்று தெரியும் துணி, செருப்பு போன்றவற்றில் ரிட்டர்ன் அதிகம் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

கடன் அட்டையில் விளம்பரம் கொடுத்து விற்கலாம் என்று இறங்குபவர்கள் சிக்குவது இங்கேதான். விளம்பரச் செலவு உடனே போகிறது, கமிஷன் மூன்று மாதம் கழித்து வருகிறது. கணக்குப்படி லாபமாக இருந்தாலும் நடுவில் கைப்பணம் தீர்ந்துவிடும். மூன்று மாத விளம்பரச் செலவைத் தனியாக எடுத்து வைக்க முடியாதவர்கள் கட்டண விளம்பரத்தைத் தொடவே வேண்டாம்.

"நாமே வாங்கிக்கொள்ளலாமே!"

தொடங்கிய வேகத்தில் கணக்கை இழக்க இதுவே குறுக்குவழி. அமேசானில் சொந்தத் தேவைக்கு உங்கள் லிங்க்கில் நீங்களே வாங்குவதும், குடும்பத்தாரையும் நண்பர்களையும் வாங்க வைப்பதும் தகுதியற்ற விற்பனைகள். புதுக் கணக்குக்கு 180 நாளில் 3 தகுதியான விற்பனை வேண்டும் என்ற விதி இருப்பதால், அந்த மூன்றை எப்படியாவது காட்டிவிட அண்ணனையும் தோழியையும் வாங்கச் சொல்கிறார்கள். அவை எண்ணிக்கையில் சேராது. கணக்கு மூடப்பட்டால் நிலுவையும் போகும். சில மென்பொருள் திட்டங்கள் சொந்த வாங்குதலை அனுமதிக்கின்றன. அதனால் ஒவ்வொரு திட்டத்தின் விதியையும் தனித்தனியே படித்தே ஆக வேண்டும்.

படிக்கும்போது குறிப்பாகத் தேட வேண்டியவை: மின்னஞ்சலிலும் மின்னூலிலும் லிங்க் வைக்கலாமா, லிங்க்கைச் சுருக்கி இலக்கை மறைக்கலாமா, பிராண்ட் பெயரை வைத்துத் தேடல் விளம்பரம் கொடுக்கலாமா. கடைசியாகச் சொன்னதைப் பெரும்பாலான நிறுவனங்கள் தடை செய்கின்றன. அமேசானில் பொருளின் விலையைக் கையால் தட்டச்சு செய்து போடுவதும், அங்குள்ள வாடிக்கையாளர் விமர்சனங்களை எடுத்து ஒட்டுவதும் விதிமீறல். விலை மாறிக்கொண்டே இருப்பதால், அவர்களுடைய ஏபிஐ (விலையைத் தானாகவே உங்கள் தளத்துக்குக் கொண்டுவரும் மென்பொருள் இணைப்பு) வழியாக வரும் விலையை மட்டுமே காட்டலாம். "இப்போதைய விலையைப் பார்க்க" என்று லிங்க் கொடுத்துவிட்டால் தொல்லையே இல்லை.

பார்வையாளர் கிளிக் செய்யாமலே பின்னணியில் குக்கியைத் திணிக்கும் நிரல்களை "ரகசிய உத்தி" என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். அது மோசடிக் குற்றம். இபே நிறுவனத்தின் அஃபிலியேட் திட்டத்தில் இதைச் செய்த இருவருக்கு அமெரிக்க நீதிமன்றம் 2014இல் சிறைத் தண்டனை விதித்தது.

நிறைய எழுதினால் நிறைய விற்கும்?

விற்பனைப் பக்கத்தில் உள்ளதையே சொல் மாற்றி எழுதிய பக்கங்கள் எத்தனை இருந்தும் பயனில்லை. கூகுளின் ஸ்பேம் கொள்கைகளில் இத்தகைய சாரமற்ற அஃபிலியேட் பக்கங்களுக்கென்றே தனித் தலைப்பு உண்டு. 2021 ஏப்ரலில் கூகுள் தேடலில் வந்த தயாரிப்பு விமர்சன அப்டேட்டும் இதே குறையைத்தான் குறிவைத்தது.

சாரம் என்றால் என்ன என்று ஒரு பவர் பேங்க்கை வைத்தே பார்க்கலாம். விற்பனைப் பக்கம் "20,000 எம்ஏஎச்" என்று சொல்லும். அதை அப்படியே நீங்களும் சொன்னால் வாசகருக்கு ஒன்றும் கூடுதலாகக் கிடைக்கவில்லை. அந்த 20,000 என்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டுக்குச் சொன்ன அளவு. ஆற்றலாகச் சொன்னால் 74 வாட்-அவர். யூஎஸ்பி வழியாக 5 வோல்ட்டாக மாறி வரும்போது இழப்பும் போக ஏறத்தாழ 12,500 முதல் 13,000 எம்ஏஎச் வரைதான் கிடைக்கும். 5,000 எம்ஏஎச் போனை நாலு தடவை நிரப்பும் என்று நம்பி வாங்குபவருக்கு மூன்று தடவை நிரம்பினாலே பெரிது. விமானத்தில் முன் அனுமதியின்றிக் கைப்பையில் எடுத்துப்போக வரம்பு 100 வாட்-அவர் என்பதால், 20,000 தாராளமாகப் போகும்; 30,000 என்றால் 111 வாட்-அவர், அதற்கு விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். இவ்வளவையும் நாலு வரியில் சொல்லிவிட்டால், எந்த அளவு வாங்குவது என்று அவர் அங்கேயே முடிவெடுத்துவிடுவார். லிங்க் வைக்க வேண்டிய இடமும் அதுதான்.

யாருக்குப் பொருந்தாது என்பதையும் எழுதுங்கள். விற்பனை குறைந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். தவறான பொருளை வாங்கியவர் அதைத் திருப்பி அனுப்புவார், கமிஷன் எப்படியும் போகும், வாசகரும் போவார்.

கமிஷன் வாங்குவதைச் சொல்லாமல் இருந்தால் நல்லது?

சொல்லியே ஆக வேண்டும். அமெரிக்காவின் வர்த்தக ஆணையமான எஃப்டிசி உட்படப் பல நாடுகளின் நுகர்வோர் அமைப்புகள் இதைக் கேட்கின்றன. அமேசானும் தன் விதிகளில் கேட்கிறது. பக்கத்தின் அடியில் சிறு எழுத்தில் போட்டால் போதாது. முதல் லிங்க்குக்கு முன்னாலேயே, "இந்த லிங்க் வழியாக வாங்கினால் எங்களுக்குக் கமிஷன் கிடைக்கும்" என்று எளிய சொல்லில் இருக்க வேண்டும். வீடியோ என்றால் வாயாலும் சொல்லுங்கள். விவரக்குறிப்பைத் திறக்காதவர்கள் ஏராளம். லிங்க்கின் ஹெச்டிஎம்எல் நிரலில் "ஸ்பான்சர்டு" என்ற ரெல் குறிப்பையும் (rel="sponsored") சேருங்கள். கூகுள் 2019இல் கொண்டுவந்த இந்தக் குறிப்பு, பணம் சார்ந்த லிங்க் இது என்று தேடுபொறிக்குத் தெரிவிக்கிறது.

சேருவதற்கே பணம் கேட்கும் திட்டமா? விலகிவிடுங்கள். முறையான திட்டங்களில் சேர்க்கை இலவசம். ஆள் சேர்த்தால்தான் வருமானம் என்றால் அங்கே விற்கப்படும் பொருள் நீங்கள்தான்.

ஒருமுறை போட்டால் தூங்கும்போதும் வருமானம்?

லிங்க்குகள் தாமாகவே செத்துப்போகும். பொருள் தீர்ந்துபோகும், புது மாடல் வரும், பக்கத்தின் முகவரி மாறும், நிறுவனம் வேறு நெட்வொர்க்குக்குப் போகும். வாசகர் "இருப்பில் இல்லை" என்ற பக்கத்தில் போய் நின்றால் நீங்கள் கொடுத்த அத்தனை விளக்கமும் வீண். அதிகம் படிக்கப்படும் 20 பக்கங்களை மாதம் ஒருமுறையாவது திறந்து, லிங்க்கை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். பக்கம், பொருள், திட்டம், சப்-ஐடி, கடைசியாகச் சரிபார்த்த தேதி என்று ஐந்து நெடுவரிசை கொண்ட ஒரு எக்செல் தாள் போதும்.

கமிஷன் விகிதமும் நிலையானது இல்லை. அமேசான் 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் தன் விகிதங்களை மாற்றியபோது அறைகலன்களுக்கான கமிஷன் 8 சதவீதத்திலிருந்து 3 ஆகவும், மளிகைக்கானது 5லிருந்து 1 ஆகவும் இறங்கியது. அறிவிப்புக்கும் அமலுக்கும் இடையே ஒரு வாரம்தான். அந்தத் திட்டத்தில் இத்தகைய பொருள்களை மட்டுமே நம்பியிருந்தவர்களின் வருமானம், வாசகர் எண்ணிக்கை ஒன்றுகூடக் குறையாமலே, பாதிக்கும் கீழே போனது. உங்கள் மொத்த வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே திட்டத்திலிருந்து வந்தால், அதே பொருளை விற்கும் இரண்டாவது திட்டத்தில் இப்போதே சேர்ந்து வையுங்கள். சில திட்டங்கள் விண்ணப்பத்தை ஏற்க நாள் எடுத்துக்கொள்ளும். விகிதம் குறைந்த பிறகு தேடத் தொடங்கினால் அத்தனை நாளும் குறைந்த கமிஷனில்தான் ஓட்ட வேண்டியிருக்கும்.