கரண்டு போய்ப் போய் வரும் ரங்கூனில் மதர்போர்டை அமைப்பது எப்படி

ஏப்ரல் மாதம், தண்ணீர்த் திருவிழா சமயத்தில், ரங்கூன் மாடிவீட்டு அறைக்குள்ளேயே 35 டிகிரிக்கு மேல் போய்விடும். மதர்போர்டில் முதலிலேயே இருக்கும் ஃபேன் அமைப்பு இந்தச் சூட்டுக்குப் பொருந்துவதில்லை. அதோடு கரண்டும் நினைத்த நேரம் போய் வருகிறது. இரண்டுக்கும் பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் சொந்த அமைப்புத் திரையில், வழி இருக்கிறது. ஆன் செய்ததும் டெலிட் அல்லது எஃப்2 கீயைத் தட்டிக்கொண்டே இருந்தால் உள்ளே போகலாம்.

முதலில் கரண்டு. போன கரண்டு திரும்பி வரும்போது மெஷின் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லும் அமைப்பு இது. ஆசுஸ் போர்டில் 'ரெஸ்டோர் ஏசி பவர் லாஸ்', ஜிகாபைட்டில் 'ஏசி பேக்' என்று தேடுங்கள். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு 'பவர் ஆஃப்' போதும். லைன் திரும்பி வரும்போது ஒரே தடவையில் நிலைப்பதில்லை. இரண்டு மூன்று முறை வெட்டும், வோல்டேஜும் ஏறி இறங்கும். 'பவர் ஆன்' வைத்திருந்தால் ஒவ்வொரு முறையும் மெஷின் கிளம்பி, விண்டோஸ் ஏறும் பாதியில் அணையும். டிஸ்க்கில் ஃபைல் கெடுவது இப்படித்தான். 'லாஸ்ட் ஸ்டேட்' (கரண்டு போகும்போது இருந்த நிலைக்கே திரும்புவது) வைத்தாலும், ஓடிக்கொண்டிருந்த மெஷினுக்கு இதே கதிதான். ஆளில்லாத கடையில் கேமரா பதிவுக்கு ஓடும் கம்ப்யூட்டருக்கு மட்டும் 'பவர் ஆன்' வையுங்கள், அதுவும் யூபிஎஸ் (கரண்டு போனாலும் கொஞ்ச நேரம் ஓட்டும் பேட்டரிப் பெட்டி) வழியாக.

இன்வர்ட்டருக்கு மாறும் நொடியில் மெஷின் அணைந்தால் பயாஸைக் குறை சொல்லாதீர்கள். ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தை இழுக்கும் விதத்தைச் சீராக்கும் சுற்று) உள்ள பவர் சப்ளைகளில் சில, ப்யூர் சைன் வேவ் (லைன் கரண்டைப் போன்ற சீரான அலை) அல்லாத இன்வர்ட்டரோடு ஒத்துப்போவதில்லை.

ஸ்லீப் இங்கே ஆபத்து. வேலை முழுவதும் ரேமில் நிற்கிறது. கரண்டு போனால் அதுவும் போச்சு. விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் ஹைபர்னேட் வைத்துக்கொள்ளுங்கள்; அது வேலையை டிஸ்க்கில் எழுதிவிட்டு அணையும். பயாஸில் 'ஈஆர்பி' என்ற மின்சேமிப்பு அமைப்பை ஆன் செய்தால், அணைத்துவைத்த மெஷின் இழுக்கும் மின்சாரம் 0.5 வாட் அளவுக்கோ அதற்கும் கீழோ இறங்கும். பேட்டரியில் ஓட்டுபவர்களுக்கு அது லாபம். ஆனால் கீபோர்டு தட்டியோ நெட்வொர்க் வழியாகவோ எழுப்ப முடியாது.

இனி ஃபேன். பின்களை எண்ணிப் பாருங்கள். 4 பின் என்றால் பயாஸில் பிடபிள்யூஎம் மோடு (தனி ஒயரில் வரும் சிக்னல் வேகத்தைச் சொல்லும்), 3 பின் என்றால் டிசி மோடு (வோல்டேஜைக் குறைத்து வேகத்தைக் குறைக்கும்). எல்லாரும் தவறுவது இங்கேதான்: 3 பின் ஃபேனுக்கு வேகம் சொல்லும் நாலாவது ஒயர் கிடையாது. அதை பிடபிள்யூஎம் மோடில் விட்டால் 12 வோல்ட்டும் வாங்கிக்கொண்டு முழு வேகத்தில் கத்தும். டிசி மோடிலும் ரொம்பக் குறைத்தால் ஃபேன் கிளம்பாமல் நின்றுவிடும். 50 சதவீதத்தில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். நின்ற நிலையிலிருந்து தானாகக் கிளம்பும் அளவைக் கண்டு, அதற்கு 10 சதவீதம் மேலே வையுங்கள்.

ஒரு ஹெடர், அதாவது போர்டில் ஃபேனைச் செருகும் இடம், பெரும்பாலும் 1 ஆம்பியர்தான் தாங்கும். ஃபேன் ஸ்டிக்கரில் இருக்கும் ஆம்பியரைக் கூட்டிப் பார்த்த பிறகே ஸ்ப்ளிட்டர் (ஒரு ஹெடரில் பல ஃபேன்களை மாட்டும் ஒயர்) போடுங்கள்.

ஆசுஸிலும் ஜிகாபைட்டிலும் புதிய போர்டுகளில் எஃப்6 தட்டினால், எந்தச் சூட்டுக்கு எவ்வளவு வேகம் என்று காட்டும் ஃபேன் வளைகோடு வரும். சிபியூ ஃபேனுக்கு நம் ஊர்ச் சூட்டுக்கு ஒத்துவரும் கணக்கு:

50 டிகிரி வரை 30 சதவீதம்
65 டிகிரியில் 50
75 டிகிரியில் 75
85 டிகிரியில் 100

அறையே 36 டிகிரி இருக்கும்போது, சும்மா இருக்கும் சிபியூ 45, 50 காட்டுவது இயல்பு. 40 டிகிரியிலேயே வேகம் ஏறும்படி வைத்தால் நாள் முழுக்க இரைச்சல்தான் மிச்சம். ஒரு புரோகிராம் திறந்தாலே சூடு சட்டென்று 10 டிகிரி எகிறும். அதனால் 'ஸ்டெப் அப்' (சூடு ஏறியபின் ஃபேன் வேகம் கூடக் காத்திருக்கும்) நேரத்தை 3 நொடிக்குக் கூட்டுங்கள். இல்லாவிட்டால் ஃபேன் மூச்சு வாங்குவதுபோல் ஏறி இறங்கும்.

வேகத்தைக் குறைத்தபின் 'சிபியூ ஃபேன் எரர்' என்று திரையில் நின்றால், எச்சரிக்கை எல்லையை 200 அல்லது 300 ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்குச் சுற்றுகள்) இறக்குங்கள். 'இக்னோர்' மட்டும் வேண்டாம். தூசி அடைத்து ஃபேன் நின்றாலும் தெரியாமல் போகும்.

எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துவிட்டு எஃப்10 அழுத்திச் சேமியுங்கள். கரண்டு இல்லாத நேரமெல்லாம் போர்டின் கடிகாரம் போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற காசு வடிவப் பேட்டரியில் ஓடுகிறது. இங்கே அது சீக்கிரம் தீரும். தேதி பழைய வருடத்துக்குப் போனால் பேட்டரி போய்விட்டது என்று அர்த்தம். பல போர்டுகளில் ஃபேன் அமைப்பும் அதோடு அழியும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளஸ் பக்கம் மேலே இருக்கும்படி 3 வோல்ட் புதுப் பேட்டரி போட்டு, எடுத்த படத்தைப் பார்த்து மறுபடி அமையுங்கள்.