கையடக்க ரோட்டரி பாலிஷர்: எதைப் பார்த்து வாங்குவது, பெயிண்ட் தீயாமல் எப்படி ஓட்டுவது

தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் தெருவில் கார் நிறுத்துகிறவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. காலையில் பார்த்தால் பானெட் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு படலம், கன்டெய்னர் லாரி கிளப்பிய புழுதியும் கடல் காற்றின் உப்பும் சேர்ந்து படிந்திருக்கும். அவசரத்தில் காய்ந்த துணியால் ஒரு இழு இழுத்துவிட்டுக் கிளம்பிவிடுவோம். இப்படியே இரண்டு வருடம் போனால், வெயிலில் நிறுத்திப் பார்க்கும்போது பெயிண்ட் முழுக்க சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல். போர் தண்ணியில் கழுவி அப்படியே காயவிட்டிருந்தால் வெள்ளை வெள்ளையாக உப்புப் புள்ளியும் இருக்கும்.

இந்தக் கீறலை எடுக்கத்தான் கையடக்க ரோட்டரி பாலிஷர், ஸ்பாஞ்ச் மாதிரி ஒரு பேடை ஒரே அச்சில் சுற்றித் தேய்க்கும் சின்ன மெஷின். அதைத் தொடுவதற்கு முன்னால் ஒரு விஷயம். நிறத்துக்கு மேல் இருக்கும் கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சு பெரும்பாலான கார்களில் 35 முதல் 50 மைக்ரான் வரைதான், நம் தலைமுடியை விட மெலிசு. பாலிஷ் போடுவது என்றால் கீறலை நிரப்புவது இல்லை, கீறலின் ஆழத்துக்குச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்து எடுப்பது. எடுத்தது திரும்ப வராது. அதனால் நான் மெஷின் வாங்கும்போது எவ்வளவு வேகமாகச் சுற்றும் என்று கேட்பதில்லை, எவ்வளவு மெதுவாகச் சுற்றும் என்றுதான் கேட்பேன்.

பாரிமுனை செம்புதாஸ் தெருப் பக்கம் டூல்ஸ் கடைக்குப் போனால் சில இடங்களில், "கிரைண்டரிலேயே வெல்க்ரோ பேட் மாட்டிக்கோங்க சார், அதே வேலைதான்" என்பார்கள். அதே வேலை இல்லை. 4 இஞ்ச் ஆங்கிள் கிரைண்டர் 11,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வரை சுற்றும், பாலிஷுக்கு நமக்கு வேண்டியது 600 முதல் 2,000 வரைதான். எங்கள் தெருவில் ஒரு வெள்ளை ஹேட்ச்பேக்கை இப்படித்தான் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து வாங்கினார்கள். பானெட் மடிப்பில் கட்டை விரல் அகலத்துக்கு கிளியர் கோட்டும் நிறமும் போய், அடியில் சாம்பல் நிற பிரைமர் தெரிந்தது. அந்த வண்டிக்காரர் விரலால் அதைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. அந்த இடத்துக்கு இனி பாலிஷ் கிடையாது, பெயிண்ட்தான்.

சரி, கடையில் என்ன பார்க்க வேண்டும்? ஸ்பீடு டயல் கட்டாயம் இருக்க வேண்டும், குறைந்த வேகம் 1,000க்குக் கீழே வர வேண்டும். ஸ்விட்சை அழுத்தியதும் குபீரென்று எகிறாமல் மெதுவாக வேகம் எடுக்க வேண்டும், இல்லையென்றால் காம்பவுண்ட் (கீறலைத் தேய்த்தெடுக்கும் பேஸ்ட்) சட்டையில்தான் தெறிக்கும். பேட் மாட்டாமல் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், பேட் ஒட்டுகிற பேக்கிங் பிளேட் தள்ளாடினால் வேண்டாம். பிளேட் மாட்டும் திரெட் எம்14 (14 மி.மீ.) ஆக இருந்தால் பேக்கிங் பிளேட்டும் எக்ஸ்டென்ஷனும் சுலபமாகக் கிடைக்கும். பிளேட் 2, 3 இஞ்ச் போதும், பேட் அதைவிடக் கொஞ்சம் பெரியதாக இருக்கட்டும், பிளேட்டின் விளிம்பு பெயிண்ட்டில் படவே கூடாது. பேட்டரி மெஷின் கைக்கு லேசு, ஆனால் கூட ஒரு பேட்டரி இல்லாமல் வாங்காதீர்கள்.

முழு காரையும் இதிலேயே முடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். ரூஃப், பானெட் மாதிரி அகலமான இடத்துக்கு டூயல் ஆக்‌ஷன் மெஷின் (பேட் சுற்றிக்கொண்டே ஆடவும் செய்யும் வகை) நல்லது. சின்ன ரோட்டரி ஜெயிப்பது கதவுக் கைப்பிடிக்குள் நகம் பட்ட கீறல், கண்ணாடிக்குப் பக்கத்துத் தூண், பம்பர் வளைவு, நம்பர் பிளேட் ஓரம் மாதிரி பெரிய பேட் நுழையாத இடங்களில்தான்.

வேலையை நிழலில், காலை 7 மணிக்கே ஆரம்பித்துவிடுங்கள். வெயில் ஏறி பேனல் சுட்டால் காம்பவுண்ட் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். ஷாம்பு போட்டுக் கழுவுங்கள், அப்புறம் இரும்புத் துகளைக் கரைக்கும் அயர்ன் ரிமூவர், அப்புறம் ஒட்டிய துகளை இழுத்தெடுக்கும் களிமண் மாதிரியான கிளே பார். நம் பக்கத்தில் இந்த இரண்டையும் தவிர்க்கவே கூடாது, கழுவிய பிறகும் விரலில் நறநறவென்று தட்டுப்படும் துகள் பேட்டில் சிக்கினால் நீங்களே புதுக் கீறல் போடுவீர்கள். ரப்பர், கறுப்பு பிளாஸ்டிக், பாடி மடிப்பு எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப்.

ஒரு அடிக்கு ஒரு அடி இடத்தில் முதலில் சோதித்துப் பாருங்கள். ஃபோம் பாலிஷிங் பேடும் நைஸ் பாலிஷும் போதுமா என்று பார்த்துவிட்டு, போதவில்லை என்றால் மட்டும் கட்டிங் பேட், காம்பவுண்ட் பக்கம் போங்கள். பேட்டில் பட்டாணி அளவில் மூன்று சொட்டு. மெஷின் ஓடாதபோதே ஒற்றித் தடவிவிட்டு, குறைந்த வேகத்தில் பரப்பி, 1,200 – 1,500க்கு ஏற்றுங்கள். உதாரணமாக, 2,000 ஆர்பிஎம்மில் 6 இஞ்ச் பேட்டின் விளிம்பு நொடிக்குக் கிட்டத்தட்ட 16 மீட்டர் ஓடும், 3 இஞ்ச் பேட்டில் அது பாதிதான், அதனால் சின்ன பேட் கொஞ்சம் கூடுதல் வேகம் தாங்கும். ஆனால் அது ஒரே இடத்தில் நின்றால் சூடும் அந்தச் சின்ன வட்டத்திலேயே குவியும், பிளாஸ்டிக் பம்பரில் இன்னும் சீக்கிரம். பேட் தட்டையாக இருக்கட்டும், மெஷின் எடையே போதும், அழுத்தாதீர்கள். குறுக்கே ஒரு முறை, நெடுக்கே ஒரு முறை, ஒவ்வொரு வரியும் முந்தைய வரியில் பாதி ஏற வேண்டும். இரண்டு சுற்று முடிந்ததும் புறங்கையை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு சரி, கை வைக்க முடியவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள்.

ஓரத்தில் பேட் சுற்றும் திசையைக் கவனியுங்கள். விளிம்பிலிருந்து வெளியே போகும்படி சுற்ற வேண்டும், விளிம்பை நோக்கி வந்து மோதினால் அங்கேதான் பெயிண்ட் முதலில் போகும். நகம் மாட்டுகிற கீறலைத் துரத்தாதீர்கள். கிளியர் கோட் போட்ட வண்டியில் பேட்டில் கார் நிறம் ஏறினால், அந்த இடத்தில் கோட்டே போய்விட்டது என்று அர்த்தம்.

ரோட்டரி ஓடிய இடத்தில் வெயிலில் மட்டும் தெரியும் அலை அலையான தடம் விழும். மெத்தென்ற ஃபினிஷிங் பேட், நைஸ் பாலிஷ், 1,000 ஆர்பிஎம், கை அழுத்தமே இல்லாமல் ஒரு சுற்று ஓட்டினால் போய்விடும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துடைத்த பிறகுதான் உண்மை தெரியும், அதுவரை தெரிவது பாலிஷில் உள்ள எண்ணெயின் மினுமினுப்பாகவும் இருக்கலாம். சாயங்காலம் 4 மணி வெயிலில் வண்டியை நிறுத்தி, சாய்வாகப் பாருங்கள். தடம் இல்லையென்றால் அன்றைக்கே வாக்ஸோ சீலன்ட்டோ போட்டுவிடுங்கள், ராத்திரி உப்புக் காற்று வெறும் பெயிண்ட்டில் படிய வேண்டாம்.