சரக்குப் பட்டியலில் ஒவ்வொரு விளக்குக்கும் அதன் படம்

நாச்சியார்கோவிலிலோ கும்பகோணத்திலோ பித்தளை விளக்குக் கடை வைத்திருப்பவர்களின் எக்செல் பட்டியலில் ‘குத்துவிளக்கு, அன்னம், 24 அங்குலம்’ என்ற வரி நான்கைந்து முறை வரும். ஒவ்வொன்றுக்கும் தண்டின் கடைசல் வேறு, பீடத்தின் அகலம் வேறு. எடைக்கு விலை என்பதால் தொகையும் வேறு. எந்த வரி எந்த விளக்கு என்று படம்தான் காட்டிக்கொடுக்கும்.

அந்தப் படத்தை ஷீட்டின் மேல் ஒட்டாதீர்கள். செல்போன் படம் ஒன்று 4 எம்பி என்றால் 300 விளக்குக்கு 1,200 எம்பி. எக்செல் ஓரளவு சுருக்கினாலும் கோப்பு திறக்கவே நேரம் பிடிக்கும். கட்டத்தின் (செல்) கோட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் படம், வரிகளை வரிசை மாற்றி அடுக்கும்போது (சார்ட்) வரியோடு போகாது. காமாட்சி விளக்குக்கு நேரே தூக்கு விளக்கு நிற்கும். படம் வெளியே ஒரு ஃபோல்டரில் இருக்கட்டும், பட்டியலில் இணைப்பு மட்டும் போதும்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை சரக்கு எண்தான். அந்த எண்ணே படத்தின் பெயராகவும் இருக்க வேண்டும். 24 அங்குலக் குத்துவிளக்கில் மூன்றாவது மாடலுக்கு ‘கேவி24-03’ என்று ஆங்கில எழுத்தில் வையுங்கள். முன்னால் எழுத்து இல்லாமல் 12-03 என்று அடித்தால் எக்செல் அதைத் தேதியாக்கிவிடும். 014 என்று அடித்தால் 14 ஆகிவிடும். சாய்கோடும் ஆகாது, விண்டோஸ் அதைக் கோப்புப் பெயரில் ஏற்காது.

பித்தளை எதிரில் இருப்பதையெல்லாம் காட்டும். ஃபிளாஷை அணைத்து, நிழலான திண்ணையில், பின்னால் வெள்ளை வேட்டி கட்டி எடுங்கள். பக்கத்தில் ஓர் அடிக்கோல் நிற்க வேண்டும்; அது இல்லாவிட்டால் 18 அங்குலமும் 24 அங்குலமும் படத்தில் ஒன்றுபோலவே தெரியும்.

பட்டியல் இருக்கும் ஃபோல்டருக்குள்ளேயே ‘போட்டோ’ என்று இன்னொரு ஃபோல்டர் போட்டு படங்களை அதில் வையுங்கள். முதல் நெடுவரிசையில் சரக்கு எண் இருந்தால் படத்துக்கான செல்லில் இப்படி:

=ஹைப்பர்லிங்க்("போட்டோ\" & ஏ2 & ".ஜேபிஜி", "பார்")

‘பார்’ தவிர மற்ற சொற்களை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்; ஃபோல்டரின் பெயரும் அதே எழுத்தில் இருக்க வேண்டும். மேற்கோள் குறி நேர்க்குறியாக இருக்கட்டும். வாட்ஸ்அப்பிலோ வேர்டிலோ இருந்து நகலெடுத்தால் வளைந்த குறி வந்து ஃபார்முலா பிழை காட்டும். பிறகு கடைசி வரி வரை இழுத்துவிடுங்கள். பீடத்தைத் தனியாகக் காட்ட இரண்டாவது படம் வேண்டுமென்றால் பெயரின் முடிவில் -2 சேர்த்து, பக்கத்து நெடுவரிசையில் ஏ2 & "-2" என்று மாற்றினால் போதும்.

இதில் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. படமே இல்லாவிட்டாலும் செல்லில் ‘பார்’ என்றுதான் நிற்கும், சொடுக்கினால்தான் குட்டு வெளிப்படும். பெரும்பாலும் காரணம் பெயரின் வால், அதாவது புள்ளியோடு கடைசியில் வரும் ‘.ஜேபிஜி’. விண்டோஸ் வாலை மறைத்து வைப்பதால் நாமும் ஒருமுறை அடித்து ‘.ஜேபிஜி.ஜேபிஜி’ ஆகியிருக்கும். எக்ஸ்ப்ளோரரின் வியூ பகுதியில் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதை டிக் செய்தால் தெரிந்துவிடும். ஐபோன் படமென்றால் ‘ஹெச்இஐசி’ என்று வந்திருக்கலாம். பெயரை மட்டும் மாற்றுவது போதாது, ஜேபிஜியாக மாற்றிச் சேமிக்க வேண்டும்.

மொத்தமாகச் சரிபார்க்க, போட்டோ ஃபோல்டரில் எல்லாப் படத்தையும் தேர்ந்தெடுத்து, ஷிஃப்டை அழுத்தியபடி வலது சொடுக்கி ‘காப்பி அஸ் பாத்’ கொடுத்து, இரண்டாவது ஷீட்டின் முதல் நெடுவரிசையில் ஒட்டுங்கள். மேற்கோள் குறிகள் இருந்தால் ரீப்ளேஸ் கொண்டு நீக்கிவிட்டு, பட்டியலில்:

=கவுன்ட்இஃப்(ஷீட்2!ஏ:ஏ, "*\" & ஏ2 & ".ஜேபிஜி")

பூஜ்யம் வந்த வரிக்குப் படம் இல்லை.

கணக்கருக்கோ வெளியூர் வியாபாரிக்கோ அனுப்பும்போது பட்டியலை மட்டும் அனுப்பினால் இணைப்பு செத்துவிடும். பட்டியலும் போட்டோ ஃபோல்டரும் சேர்ந்திருக்கும் வெளி ஃபோல்டரையே ஜிப் செய்து அனுப்பி, பிரித்தெடுத்த பிறகே திறக்கச் சொல்லுங்கள். ஜிப்புக்குள் வைத்தே திறந்தால் விண்டோஸ் பட்டியலை மட்டும் தற்காலிக இடத்துக்குக் கொண்டுபோகும், படங்கள் கூடப் போகாது.

கடையில் செல்போனில்தான் பார்க்கப்போகிறீர்கள் என்றால் இந்த வழி உதவாது. கூகுள் ஷீட்ஸில் ‘இன்செர்ட் இமேஜ் இன் செல்’ மூலம் சிறிதாக்கிய படத்தைச் செல்லுக்குள்ளேயே வையுங்கள். சார்ட் செய்தாலும் வரியோடு நகரும். கூகுள் டிரைவின் பகிர்வு இணைப்பை இமேஜ் ஃபார்முலாவில் கொடுத்தால் செல் வெறுமையாகவே நிற்கும். அந்த முகவரி, படம் காட்டும் பக்கத்துக்குப் போகிறதே தவிர படத்துக்கு அல்ல.